ஐந்து வயது மூளையின் பசி

மனித வாழ்க்கையில் மூளை மிக அதிகமாகச் சாப்பிடும் பருவம் எது? பரீட்சைக்குப் படிக்கும் வயது அல்ல, பால்வாடிக்குப் போகும் வயது. உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை ஐந்து வயதையொட்டி மூளையே வாங்கிக்கொள்கிறது என்று 2014-இல் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் கணக்கிட்டார்கள். உடல் வளர்ச்சி மந்தமாவதும் அப்போதுதான். "சோறு தின்கிறான், சதை பிடிக்கவில்லையே" என்று அம்மாக்கள் குறைப்படும் வயது.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் சோற்றையும் பாட்டையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்தது. அன்று இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

டீச்சர் கையில் மூன்று நிறம் தீட்டிய ஒரு நாடா இருக்கும். குழந்தையின் இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இறுக்காமல் சுற்றுவார். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு. 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. ஆறு மாதக் குழந்தைக்கும் நாலரை வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலா என்று கேட்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு அந்த இடத்தில் சதை கூடக்கூடக் கொழுப்பு குறைகிறது. ஐந்து வயது வரை சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. தராசும் பிறந்த தேதியும் இல்லாமலே ஆபத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

பேச்சை அளக்க நாடா கிடையாது. தமிழ்நாட்டின் ஆந்திர எல்லையில் உள்ள பள்ளிப்பட்டுப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் அங்கே பல வீடுகளில் தெலுங்குதான். "அக்கா, நீள்ளு" என்று டம்ளரை நீட்டும் பிள்ளையிடம் "நீள்ளு காவாலா? இந்தா, தண்ணி குடி" என்று டீச்சர் சொல்லிக் கொடுப்பது சின்ன விஷயமாகத் தெரியும். பிள்ளை சொன்னது காதில் விழுந்தது, பதில் வந்தது, கூடவே புதுச் சொல் ஒன்றும் கிடைத்தது. இப்படி மாறி மாறிப் பேசுவதில்தான் மொழிக்கான நரம்பு இணைப்புகள் வலுக்கின்றன. டிவி இதைச் செய்யாது, அது பதில் சொல்வதில்லையே. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இந்தத் திறமையைத்தான் நான் முதலில் மெச்சுவேன்.

ஆனால் டீச்சர் ஒருவர்தான். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர் தலையில். ஆயாம்மாவுக்குச் சமையலே சரியாக இருக்கும். பாட்டும் கதையும் மிச்ச நேரத்துக்குத் தள்ளப்படும்.

தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் பணியாளர் ஒருவர் சேர்க்கப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் மற்ற மையத்துப் பிள்ளைகளைத் தெளிவாக முந்தினார்கள்.

இது எதிர்பார்த்ததுதான். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும், கடுமையான ஊட்டக்குறைவும் அங்கே குறைந்திருந்ததுதான் ஆச்சரியம். வந்தவர் சோறு போடவில்லை, பாடம்தான் நடத்தினார். பழைய டீச்சருக்கோ கை கொஞ்சம் ஓய்ந்தது. அந்த நேரத்தை அவர் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் சத்துணவுக்கும் செலவிட்டார்.