'ஜப்பான் விஸ்கி' எல்லாம் ஜப்பான் விஸ்கியா? லேபிளில் பார்க்க வேண்டியது என்ன?

ஓசூர்க்காரர்களுக்கு 'ஜப்பான் தரம்' என்றால் விளக்கம் தேவையில்லை. ஒருகாலத்தில் சுஸுகியுடன் சேர்ந்து இங்கே பைக் தயாரித்த டிவிஎஸ், 2002-ல் ஜப்பானின் டெமிங் விருதையும் வென்றது. அதே நம்பிக்கையை மது பாட்டில் மீதும் வைக்கலாமா? "ஏர்போர்ட் சரக்கு மச்சி, ஒரிஜினல் ஜப்பான்" என்று யாராவது நீட்டினால், ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

ஜப்பானில் பாட்டிலில் அடைத்தால் போதாதா?

போதாது. ஸ்காட்லாந்து, கனடா போன்ற நாடுகளில் இருந்து மொத்தமாக விஸ்கியை இறக்குமதி செய்து, கலந்து, ஜப்பானில் பாட்டிலில் அடைத்து விற்க அந்நாட்டுச் சட்டம் தடை போடவில்லை. அதனால்தான் உற்பத்தியாளர் சங்கமே 2021-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. பழைய லேபிள்களை மாற்ற 2024 மார்ச் வரை அவகாசம் தரப்பட்டது.

விதி என்ன சொல்கிறது?

* மூலப்பொருளில் முளைகட்டிய தானியம் (மால்ட்) கட்டாயம். தண்ணீர் ஜப்பானில் எடுத்ததாக இருக்கணும்.
* நொதித்தல், வடித்தல், பாட்டிலில் அடைத்தல் எல்லாம் ஜப்பானிலேயே நடக்கணும்.
* 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில், ஜப்பானில் குறைந்தது 3 ஆண்டு ஊறணும்.
* ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

நிறத்துக்காக கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. அதனால் அடர் நிறத்தை மட்டும் வைத்து 'பழைய சரக்கு' என்று முடிவு செய்ய முடியாது. இன்னொன்று, இது சங்க உறுப்பினர்களுக்கான விதிதான், சட்டம் அல்ல.

எந்த பிராண்டு தேறும்?

சன்டோரியின் யமசாகி, ஹகுஷு, ஹிபிகி இந்த விதிக்குள் வருகின்றன. நிக்காவின் 'ஃப்ரம் தி பேரல்' வராது. அதை அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கிறது. ஐந்து நாட்டு விஸ்கிகளைக் கலந்த சன்டோரியின் 'ஆவோ'வும் வராது. இவை போலி அல்ல, மட்டமும் அல்ல; வகைதான் வேறு. 2019-ல் இந்தியாவில் அறிமுகமான ஓக்ஸ்மித்தை உருவாக்கியவர் சன்டோரியின் தலைமை பிளெண்டர் ஷின்ஜி ஃபுகுயோ. ஆனாலும் அது இந்திய விஸ்கிதான்.

லேபிளில் 'ஜப்பானீஸ் விஸ்கி' என்ற சொல் இருக்கிறதா, வடிசாலையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜப்பானிய எழுத்து, சாமுராய் படம் இதெல்லாம் அத்தாட்சி ஆகாது. '12 ஆண்டு' என்று போட்டிருந்தால், கலவையில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயது அது.

போலியை எப்படிச் சந்தேகிப்பது?

விலை உயர்ந்த காலி பாட்டிலில் மலிவு சரக்கை ஊற்றி விற்பது உலகம் முழுக்க நடக்கிற மோசடி. சீல், மூடி, நிரம்பிய அளவு, பாட்டிலில் உள்ள தொகுப்பு எண் ஆகியவற்றைக் கவனியுங்கள். இந்தியாவில் முறையாக விற்கப்படும் வெளிநாட்டு பாட்டிலில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கும். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால், அதுவே முதல் எச்சரிக்கை.

அத்திப்பள்ளியில் வாங்கி வரலாமா?

ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். கர்நாடக மதுவைத் தமிழகத்துக்குள் கடத்தினால், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன் கீழ் வழக்கு பாயும். வண்டியும் பறிமுதல் ஆகலாம்.

பணம் மட்டுமா போகும்?

போலி மதுவில் மெத்தனால் கலந்திருந்தால் உயிரே போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் பலியானது அப்படித்தான். வாசனையிலோ ருசியிலோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. பற்றவைத்துத் தீயின் நிறம் பார்ப்பது, குலுக்கி நுரை பார்ப்பது எதையும் நம்ப வேண்டாம். குடித்தபின் பார்வை மங்கல், கடும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால், 'ஹேங்ஓவர்தான், தூங்கினா சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சமுள்ள பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)