15 பார்க் அவென்யூ (திரைப்படம்)

15 பார்க் அவென்யூ, அபர்ணா சென் எழுதி இயக்கி 2005 ஆம் ஆண்டில் உருவான இந்திய ஆங்கிலத் திரைப்படமாகும். இந்தியத் திரையரங்குகளில் 2006 சனவரியில் வெளியிடப்பட்டது. மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தியையும், அவளைப் பேணுவதிலேயே தன் வாழ்வைச் செலவிடும் அக்காளையும் பற்றிய குடும்பக் கதை இது. ஆங்கில மொழியில் சிறந்த படத்துக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றது.

அக்காள் அஞ்சலியாக சபனா ஆசுமியும், வீட்டாரால் மீத்தி என்றழைக்கப்படும் தங்கை மிதாலியாக கொங்கனா சென் சர்மாவும் நடித்துள்ளனர். கொங்கனா இயக்குநரின் மகள் ஆவார். இதே இயக்குநரின் 'மிஸ்டர் அண்ட் மிசஸ் ஐயர்' (2002) படத்தில் மீனாட்சி என்ற தமிழ்ப் பெண்ணாக நடித்ததால் அவரைத் தமிழர் பலர் அறிவர். தாயாக நடித்த வகீதா ரகுமான் செங்கல்பட்டில் பிறந்தவர். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்தில் நடனமாடியவர். திருதிமான் சாட்டர்ஜி, ராகுல் போஸ், செபாலி ஷா ஆகியோர் பிற முதன்மைப் பாத்திரங்களை ஏற்றுள்ளனர்.

கதை

(கதையின் முடிவு வரை கீழே கூறப்பட்டுள்ளது.)

அஞ்சலி கொல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியர், மணமுறிவு பெற்றவர். வயது முதிர்ந்த தாயுடனும் மீத்தியுடனும் வாழ்கிறார். தனக்குக் கணவன் ஜோஜோவும் ஐந்து குழந்தைகளும் இருப்பதாகவும், அவர்கள் 15, பார்க் அவென்யூ என்ற முகவரியில் காத்திருப்பதாகவும் மீத்தி உறுதியாக நம்புகிறாள். அப்படி ஒரு வீடு கொல்கத்தாவில் இல்லை. எனினும் அக்காள் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடுகிறார்.

ஜோஜோ கற்பனை மனிதன் அல்லன். மீத்தி செய்தியாளராகப் பணிபுரிந்தபோது அவளுக்கு மணம் பேசப்பட்டவன். தேர்தல் செய்தி சேகரிக்க வெளியூர் சென்ற இடத்தில் அவள் கூட்டு வல்லுறவுக்கு ஆளாகிறாள். நோய் முற்றுகிறது, ஜோஜோ விலகிவிடுகிறான். பல ஆண்டுகளுக்குப் பின், மருத்துவர் குணால் பருவாவின் அறிவுரைப்படி குடும்பத்தினர் பூட்டான் செல்கின்றனர். அங்கு மனைவி மக்களுடன் வந்திருக்கும் ஜோஜோ மீத்தியைக் காண்கிறான். அவளோ அவனை அடையாளம் காணவில்லை. தன் ஜோஜோவைப் பற்றி அவனிடமே பேசுகிறாள்.

நோய்

மனச்சிதைவு என்பது ஒரே உடலில் இரண்டு ஆள்கள் குடியிருப்பது அன்று. இக்குழப்பத்துக்கு நோயின் பெயரும் ஒரு காரணம்: 1908 இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 'பிளவு', 'மனம்' ஆகிய பொருள்தரும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதனை உருவாக்கினார். அவர் சுட்டியது எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையேயான இணக்கம் குலைவதையே. இல்லாத குரல்கள் கேட்பது, எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத பொய்நம்பிக்கை, பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியன இதன் அறிகுறிகள். பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரிடம் இந்நோய் காணப்படுகிறது.

மீத்தியின் வீடும் கணவனும் இத்தகைய பொய்நம்பிக்கையே. வல்லுறவு ஒன்றினால் மட்டும் நோய் வந்ததாகப் படம் காட்டாமல், முன்பே இருந்த சாய்வை அந்நிகழ்வு முற்றச் செய்தது என்று காட்டுவது மருத்துவக் கருத்தோடு ஒத்துப்போகிறது.

தமிழ்ப் படங்களில் மேற்கூறிய குழப்பம் எளிதில் நேர்ந்துவிடும். இதே 2005 இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற 'சந்திரமுகி', 'அந்நியன்' ஆகிய இரண்டும் பன்முக ஆளுமை பற்றியவை. மனச்சிதைவு பற்றியவை அல்ல. அவற்றில் நோயாளியே கதையின் வியப்பு. லட்சுமி ராமகிருஷ்ணனின் 'ஆரோகணம்' (2012) இருமுனைப் பிறழ்வுள்ள ஒரு தாயைக் குடும்பத்தின் நடுவில் வைத்துக் காட்டிய வகையில் அபர்ணா சென்னின் படத்துக்கு நெருக்கமானது.

அக்காள்

படத்தின் உண்மையான நாயகி அஞ்சலியே எனலாம். மருந்து, மருத்துவமனை, தாயின் முதுமை, வகுப்பு ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. சஞ்சீவ் என்பவருடனான காதலும் இதனால் கனியாமற் போகிறது. அவர் தியாகச் சுடராகக் காட்டப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதிகாரம் செலுத்துகிறார், எரிந்து விழுகிறார், தங்கைக்கு எது நல்லது என்பதைத் தானே முடிவு செய்கிறார். நோயாளியைப் பேணுவோரின் களைப்பு இவ்வளவு நேர்மையாக இந்தியத் திரையில் அரிதாகவே வந்துள்ளது.

மீத்திக்குப் பேயோட்ட ஆள் வரவழைக்கப்படும் காட்சியில் அஞ்சலி அவனை விரட்டுகிறார். தமிழ்நாட்டில் இக்காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. காவிரிப் படுகையிலேயே திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குணசீலம் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்து வந்து 48 நாட்கள் தங்க வைக்கும் வழக்கம் உண்டு. அழைத்து வருவோர் அன்பில்லாதவர்கள் அல்லர். போகுமிடம் வேறு அறியாதவர்களே பலர். ஆனால் கட்டி வைப்பது வேறு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகத்து 6 அன்று ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. சென்னையில் 1984 இல் மருத்துவர் சாரதா மேனன் முதலானோர் தொடங்கிய 'ஸ்கார்ப்' நிறுவனம் நோயாளிகளோடு குடும்பத்தினருக்கும் வழிகாட்டி வருகிறது.

முடிவுக் காட்சி

இறுதியில் ஜோஜோவே மீத்தியை அழைத்துக்கொண்டு அந்த முகவரியைத் தேட வருகிறான். ஒரு வீட்டின் முன் தன் கணவனையும் ஐந்து குழந்தைகளையும் மீத்தி காண்கிறாள், உள்ளே செல்கிறாள். அதன்பின் அவளைக் காணவில்லை. மற்றவர்கள் தெருவெங்கும் தேடுவதோடு படம் நிறைகிறது. அவள் தன் கற்பனைக்குள் மீளமுடியாதபடி சென்றுவிட்டாள் என்று கொள்வோர் உண்டு; அவளுடைய உலகும் உண்மையே என இயக்குநர் ஒப்புவதாகக் கொள்வோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், இவ்வளவு காலம் அவளோடு தேடிய அஞ்சலி இப்போது அவளையே தேடிக்கொண்டிருக்கிறார்.