ஒரே படம், மூன்று முகம்!

திருவண்ணாமலைக்குப் போனவர்கள், ரமணாசிரமத்தை ஒட்டிய கடைகளில் ரமண மகரிஷியின் அந்த மார்பளவுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜி. ஜி. வெல்லிங் எடுத்த புகைப்படம். அதே படத்தைக் கைபேசியில் ஒரு தடவை, ஆபீஸ் கணினியில் ஒரு தடவை, வீட்டு டெலிவிஷனில் ஒரு தடவை பாருங்கள். ஒன்றில் கண்ணோரத்துச் சுருக்கங்கள் இருளில் மூழ்கியிருக்கும். மற்றொன்றில் நரைத்த தாடியும் கன்னமும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருக்கும். கலர் படமானால் கலர் மேல் பழி போடலாம். இதுவோ கறுப்பு வெள்ளை!

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் 'காமா' என்கிற ஆசாமிதான் பொறுப்பு. பெயர் புகைப்படக்காரர்களின் பழைய சொத்து. 1890-ல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர், பிளேட்டில் விழுந்த ஒளிக்கும் படிந்த கறுப்புக்கும் உள்ள உறவைக் கோடாக வரைந்தார்கள். அந்தக் கோட்டின் சாய்வுதான் காமா.

கணினியில் கறுப்புக்கு எண் 0, வெளுப்புக்கு 255. நடுவே உள்ள 128 பாதி வெளிச்சம் தரும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. காமா 2.2 உள்ள திரையில் அது ஏறக்குறைய 22 சதவீதமே தரும். அந்தக் காலத்துப் பிக்சர் டியூபின் சுபாவம் அப்படி. இன்றைய தட்டைத் திரைகளும் வேண்டுமென்றே அதே நடையைப் பழகியிருக்கின்றன. நம் கண்ணுக்கு அது தோதானதுதான். இருட்டறையில் ஓர் அகலுக்குப் பக்கத்தில் இன்னோர் அகல் ஏற்றினால் உடனே தெரிகிறது. கார்த்திகையன்று நூறு விளக்கோடு ஒன்று சேர்ந்தால் யார் கவனிக்கிறார்கள்?

ஆனால் காமா 1.8 ஆனால் அதே 128 சுமார் 29 சதவீதம் தரும், முகம் வெளுக்கும். 2.6 ஆனால் சுமார் 17 சதவீதந்தான், முகம் இருளும்.

பார்ப்பவரோடு போனால் பாதகமில்லை. பழைய நெகட்டிவைக் கணினியில் ஏற்றுகிறவரின் திரை வெளுத்துக் காட்டினால்தான் விபரீதம். படமே வெளுப்பு என்று எண்ணி அவர் கறுப்பை ஏற்றுவார். நெருங்கியிருந்த நிழல்கள் ஒன்றாகிவிடும். மூலப் பிரதியைத் தனியே வைக்காமல் அதன்மேலேயே சேமித்துவிட்டால், போன சுருக்கங்கள் திரும்பி வரா.

உங்கள் திரையைச் சோதிக்க வேண்டுமா? கறுப்பும் வெளுப்புமாய் மாறி மாறி மெல்லிய கோடுகள் போட்டு, நடுவில் எண் 186 உள்ள சாம்பல் கட்டம் ஒன்றை வையுங்கள். படத்தைப் பெரிதாக்காமல், சற்றுத் தள்ளி நேராக நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கட்டம் கோடுகளோடு கலந்து மறைந்தால் காமா 2.2. வெளுப்பாகத் தனித்து நின்றால் அதற்குக் குறைவு. கறுப்பாக நின்றால் அதிகம்.

படம் திருத்துவதே தொழிலானவர்கள் கண்ணை நம்புவதில்லை. திரைமேல் கலரிமீட்டர் என்னும் கருவியை வைத்து அளக்கிறார்கள். அதையும் அவ்வப்போது மறுபடி செய்கிறார்கள். திரைக்கும் வயதாகிறதல்லவா?