வைரம் பாயாத மட்டை

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் வட்டாரத்துக் காலி மனைகளிலும் வற்றிய ஏரிப் படுகைகளிலும் விடுமுறை தோறும் கிரிக்கெட் ஆடித் திளைத்த என் வயதுக்காரர்களில், கடையில் விலைக்கு வாங்கிய மட்டை கைக்கு வருமுன் தென்னை மட்டையைச் செதுக்கிப் பந்தடித்துப் பழகாதவர் அபூர்வம். அந்தக் கருவிக்கு நம் பாஷையில் மட்டை என்ற பெயரே நிலைத்தது இதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நம் தச்சர்கள் வைரம் பாய்ந்த தேக்கையும் கருவேலத்தையும் போற்றுவார்கள். மட்டை செய்கிறவனுக்கோ அந்த வைரமே விரோதி. தேக்கு மட்டையின் கனத்தைச் சுழற்றவே கை ஓய்ந்துபோகும். ஆகவேதான் இலேசான, எளிதில் பிளவுறாத நீண்ட நார்களையுடைய வில்லோ மரம் இந்த விளையாட்டுக்கு ஆதாரமாயிற்று. இங்கிலாந்தின் ஈரநிலத்து வில்லோவே உத்தமம் என்பர்; விலையும் அதற்கேற்றதே. நம் கடைகளில் சாமானியருக்குக் கிடைப்பது காஷ்மீர வில்லோ. ஸ்ரீநகர்–ஜம்மு நெடுஞ்சாலையில், அனந்தநாக் மாவட்டத்துச் சங்கம் என்னும் ஊரைக் கடப்பவர், பிளந்த கட்டைகள் கோபுரம் கோபுரமாய் அடுக்கப்பட்டு மாதக்கணக்கில் காற்றில் உலர்வதைப் பார்க்கலாம்.

உலர்ந்த கட்டையை இரும்பு உருளையால் அழுத்துவதிலேதான் தொழிலின் சூக்ஷ்மம் முழுதும் அடங்கியிருக்கிறது. மேற்பரப்பின் நார்கள் மாத்திரம் இறுகித் தோல் பந்தின் அடியைத் தாங்கவேண்டும். உட்புறமோ தன் இயல்பான துள்ளலை இழந்துவிடக் கூடாது. அழுத்தம் குறைந்தால் முகத்தில் பள்ளம் விழும். மிகுந்தால் மட்டை செத்துப்போகும், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து கிளம்பாது. பிறகு, ரப்பர் இடையிட்டு ஒட்டிய பிரம்புக் கைப்பிடியை ஆப்பு வடிவில் பொருத்துகிறார்கள். 1880களில் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் வகுத்த இம்முறை, கைக்கு ஏறும் அதிர்ச்சியைக் குறைக்கிறது.

பந்து மட்டையைத் தீண்டுவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பாகமளவே. அந்தக் கணத்தில், அடி நுனிக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே பட்டால் மட்டை நடுங்குவதில்லை, பந்து சக்தியோடு பறக்கிறது. விலகிப் பட்டால் சக்தியின் ஒரு பகுதி நடுக்கமாகி விரயமாகிறது. விளிம்பைத் தடிப்பாக்கி இந்த நஷ்டத்தைக் குறைக்கும் போட்டி வரம்பு மீறவே, 2017இல் விளிம்புக்கு 40 மில்லிமீட்டர் என்று விதி கண்டார்கள். 1979இல் ஆஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி பெர்த் மைதானத்துக்கு அலுமினிய மட்டையோடு வந்து விளைத்த கலவரத்துக்குப் பின், அலகு மரமாகவே இருக்கவேண்டும் என்பதும் சட்டமாயிற்று.

நான் ஆசையாய் வாங்கிய முதல் வில்லோ மட்டைக்கு ஆளிவிதை எண்ணெயும் பூசவில்லை, பழைய பந்தால் மெள்ளத் தட்டிப் பக்குவப்படுத்தவும் இல்லை. ஐப்பசி அடைமழையில் மாடிப்படிக்குக் கீழே ஈரத் தரையில் நிறுத்திவைத்ததில், அடி நுனி நீர் குடித்துக் காளான்போல் விரிந்துவிட்டது. தோல் பந்துக்கு உதவாத அதை ரப்பர் பந்தாட்டத்துக்கு ஒதுக்கினேன். மேலும் நான்கு வருஷம் உழைத்தது.