மாத்திரையும் பருப்பும்

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் பார்க்கின்சன் நோய்க்காக வந்துபோகும் நம் அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "சாப்பாட்டோடு போட்டால் மாத்திரை பிடிப்பதில்லையே, ஏன்?"

புரத உணவிலிருந்து கிடைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம், இரத்தத்திலிருந்து மூளைக்குள் ஒரு தனி வாசல் வழியே நுழைகிறது. நரம்பணு அதை எடுத்து லெவோடோபாவாகவும், பிறகு டோபமைனாகவும் மாற்றுகிறது. இந்நோயில் டோபமைன் செய்யும் அணுக்கள் அழிகின்றன. டோபமைனையே கொடுத்தால் மூளைக்குள் போகாது; எனவே லெவோடோபா தருகிறார்கள். (நம் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் சென்னையில் இதைப் பிரித்தெடுத்தவர்கள் தாமோதரனும் ராமசாமியும்!)

அதற்கும் அதே வாசல்தான். பருப்பு, தயிர், மீனிலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு மாத்திரை முண்டியடிக்க வேண்டும். ஆகவே உணவுக்கு அரைமணி முன்னதாகப் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பருப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பெரியவர்கள் மெலிந்துபோவார்கள்.