சொல்லைத் தேடுதலும் கருத்தைத் தேடுதலும்

ஒரு நூலின் பொருளை அறிய விரும்புவோன் அந்நூலை முற்றாகப் படித்தல் வேண்டும் என்பதே பண்டை முறை. நூல்கள் பெருகியபோது அம்முறை ஒருவர் வாழ்நாளுள் அடங்காததாயிற்று. ஆதலின், நூலிலுள்ள சொற்களை வரிசைப்படுத்தி, அவை வரும் இடங்களைக் குறித்துவைக்கும் சொல்லடைவு என்னும் சாதனம் தோன்றிற்று. 13ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்து டொமினிக்கன் துறவிகள், ஹியூ என்பாரின் தலைமையில், இலத்தீன் விவிலியத்துக்கு இத்தகைய அடைவொன்றை அமைத்தனர். இன்று எண்ணிறந்த இணையப் பக்கங்களுள் நாம் வேண்டுவதை நொடிப்பொழுதில் எடுத்துத் தரும் தேடுபொறியும் அடிப்படையிலே ஒரு பெருஞ் சொல்லடைவே. ஆயினும், அண்மைக் காலத்தில் அதன் இயல்பு மாறிவருகின்றது. எழுதப்பட்ட சொல்லைத் தேடிய பொறி, எழுதியவரின் உள்ளக் கருத்தைத் தேட முற்பட்டுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இதனாற் கற்போர்க்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

தேடுபொறி என்பது நாம் வினவிய பின்னர் உலகெங்கும் ஓடித் தேடுவதொன்று எனப் பலர் கருதுவர். உண்மை அஃதன்று. அது முன்னரே பக்கங்களைப் படியெடுத்து, அவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அச்சொல் வரும் பக்கங்களின் பட்டியலை எழுதி வைத்துள்ளது. நாம் இரண்டு சொற்களை இட்டால், அவ்விரண்டின் பட்டியல்களையும் ஒப்பிட்டு இரண்டிலும் உள்ள பக்கங்களைத் தெரிந்தெடுக்கின்றது. இவ்வாறு இடப்படும் சொல்லையே திறவுச்சொல் என்பர்.

தெரிந்தெடுத்தவை பல்லாயிரம் ஆயின், எதனை முன்வைப்பது? இவ்வினாவுக்கு விடை காண்பதில் முதன்மையானவருள் ஒருவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார். ஒரு சொல் எத்துணைக்கெத்துணை அருகி வருகின்றதோ, அத்துணைக்கத்துணை அதன் சுட்டும் வலிமை மிகும் என்பது 1972ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கொள்கையின் சாரம். சைவசித்தாந்த நூல்கள் நிறைந்த ஒரு நூலகத்திலே ‘சிவன்’ என்னும் சொல் ஏறக்குறைய எல்லா நூல்களிலும் வரும்; அச்சொல்லைக் கொண்டு ஒரு நூலைப் பிறிதொன்றினின்றும் பிரித்தறிதல் இயலாது. ‘திரோதானம்’ என்னும் சொல்லோ சில நூல்களிலேயே விரித்துரைக்கப்படும். ஆகவே, வினாவிலே இரண்டும் வரின், பின்னையதற்கே மிகுந்த மதிப்பு அளித்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இருவர் பிறிதோர் அளவுகோலை வெளியிட்டனர். அறிஞர் பலரால் எடுத்தாளப்படும் நூல் சிறந்த நூலெனக் கொள்ளப்படுவது போல, மதிப்புள்ள பல பக்கங்களால் இணைத்துச் சுட்டப்படும் பக்கமே முன்னிற்றற்குரியது என்பது அவர்தம் கருத்து. கூகிள் நிறுவனம் இதன்மேல் எழுந்ததே.

இம்முறைகள் பெரும்பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், சொல்லையே பற்றி நிற்கும் எந்த முறைக்கும் இரண்டு குறைகள் உள. அவற்றை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வழங்குதல் ஒன்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருத்தல் மற்றொன்று. திவாகர நிகண்டின் ஆசிரியர் முன்னையதற்குப் பல தொகுதிகளை வகுத்ததோடு, பின்னையதற்கெனப் பதினோராந் தொகுதியைத் தனியே அமைத்தமை இதற்குச் சான்று.

முதற் குறைக்கு உதாரணம் ஒன்று கூறுவாம். நம் நாட்டிலே ‘சலரோகம்’ என்றும் ‘நீரிழிவு’ என்றும் சொல்லப்படும் நோயையே தமிழ்நாட்டார் பலர் ‘சர்க்கரை நோய்’ என்பர். திறவுச்சொல்லை மட்டும் நோக்கும் பொறி, சலரோகம் பற்றி வினவும் முதியவருக்கு, நீரிழிவு என்னும் தலைப்பில் மருத்துவர் எழுதிய சிறந்த கட்டுரையைக் காட்டாது விடும். இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 1987ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்று, நன்கறிந்த ஒரு பொருளுக்கேனும் இருவர் தாமாகவே ஒரே சொல்லைத் தெரிந்தெடுத்தல் நூற்றுக்கு இருபதிலும் குறைவாகவே நிகழ்கின்றது எனக் காட்டிற்று.

இரண்டாங் குறைக்கு ‘வெள்ளி’ என்னும் சொல் தக்க உதாரணம். அஃது ஓர் உலோகம்; ஒரு கோள்; ஒரு கிழமை. ‘வெள்ளி விலை’, ‘வெள்ளி விரதம்’, ‘வெள்ளியின் வளிமண்டலம்’ என்பவற்றிலே சொல் ஒன்றாயினும் பொருள் மூன்றாதல் வெளிப்படை.

தமிழ் போன்ற மொழிகளிலே மூன்றாவதொரு குறையும் உண்டு. ‘வீடு’ என்னும் பெயர் வேற்றுமையுருபு ஏற்கும்போது ‘வீட்டை, வீட்டில், வீட்டிற்கு, வீட்டிலிருந்து’ எனத் திரியும். இவையெல்லாம் வெவ்வேறு சொற்கள் எனக் கணினி மயங்காதிருத்தற்பொருட்டு, உருபுகளை நீக்கி அடிச்சொல்லை மட்டும் கொள்ளுதல் ஒரு வழி. ஆயின், ‘கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்குப் புகையிரதம்’ என்பதிலும், ‘யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பிற்குப் புகையிரதம்’ என்பதிலும் உருபுகளை நீக்கிவிடின் எஞ்சும் சொற்கள் ஒன்றே. பயணியின் கருத்து முழுவதும் உருபிலே தங்கியிருக்க, பொறி அவ்வுருபையே எறிந்துவிடுகின்றது.

ஆகவே, வினவுவோர் இட்ட சொற்களுக்கு அப்பால், அவர்தம் நோக்கத்தை அறிதல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அன்றே புகழ்பெற்றிருந்த தேடுபொறி ஒன்றில் இடப்பட்ட வினாக்களை ஆராய்ந்த அன்றேய் புரோடர் என்பார், அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம் என 2002ஆம் ஆண்டிலே எழுதினார். ஓரிடத்தை அடைய விரும்பி வினவுதல் ஒன்று. ஒன்றை அறிய விரும்பி வினவுதல் மற்றொன்று. ஒரு செயலை முடிக்க விரும்பி வினவுதல் வேறொன்று. நம் மாணவர் வழக்கிலே இதனை விளக்கின், ‘பரீட்சைத் திணைக்களம்’ என இடுவோன் அத்திணைக்களத்தின் பக்கத்தை அடைய விரும்புகின்றான். ‘இசட் புள்ளி கணிக்கும் முறை’ என இடுவோன் ஒன்றை அறிய விரும்புகின்றான். ‘புகையிரத இருக்கை முற்பதிவு’ என இடுவோன் ஒரு கருமத்தை முடிக்க விரும்புகின்றான். மூவருக்கும் ஒரே வகையான விடை பயன்படாது.

நோக்கத்தை அறிதற்கு வழி யாது? சொல்லின் பொருள் அதன் சூழலால் துணியப்படும் என்பதே அடிப்படை. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே, பல பொருள் ஒரு சொல்லின் பொருள் அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியப்படும் என விதித்துள்ளார். ‘மா பூத்தது’ என்றவழி மரமென்பதும், ‘மா ஓடிற்று’ என்றவழி விலங்கென்பதும் வினையால் விளங்கும். மேனாட்டு மொழியியலாருள் செலிக் ஹரிஸ் 1954இலும், ஜே. ஆர். பேர்த் 1957இலும், சூழலைக் கொண்டே சொல்லை அறிதல் வேண்டும் என்னும் கொள்கையைத் தத்தம் வழியில் வற்புறுத்தினர்.

இக்கொள்கையைக் கணினிக்கு ஏற்றதாக்கிய முறை கணிதத்தைச் சார்ந்தது. ஒரு புள்ளியின் இருப்பிடத்தை ஆள்கூறுகளால் குறிப்பது போல, ஒவ்வொரு சொல்லையும் நூற்றுக்கணக்கான எண்களைக் கொண்ட ஒரு காவியாகக் குறிப்பர். ஒத்த சூழல்களிலே வரும் சொற்களின் காவிகள் அருகருகே அமையுமாறு கணினி அவ்வெண்களைத் திருத்திக்கொண்டே செல்லும். இவ்வாறு செய்யின், சலரோகமும் நீரிழிவும் எழுத்தால் வேறுபட்டனவாயினும், ‘இன்சுலின்’, ‘குருதி’, ‘உணவுக் கட்டுப்பாடு’ முதலிய சொற்களோடு பயின்று வருதலால் அண்மையில் வந்து நிற்கும். 2013ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனத்து தோமஸ் மிக்கலோவும் பிறரும் இக்காவிகளை விரைவாகக் கணிக்கும் முறையை வெளியிட்டனர்.

ஆயினும், அம்முறையிலே ‘வெள்ளி’ என்னும் சொல்லுக்கு ஒரே காவியே அமைந்தது. மூன்று பொருளும் அதனுள் கலந்து நின்றன. இக்குறையை நீக்கியது 2018ஆம் ஆண்டிலே அதே நிறுவனத்தார் வெளியிட்ட ‘பேர்ட்’ என்னும் மொழி மாதிரி. அதனைப் பயிற்றிய விதம் நம் வகுப்பறைகளிலே பழக்கமானதொன்று. வாக்கியங்களிலே சில சொற்களை மறைத்து, கீறிட்ட இடத்தை நிரப்புமாறு கணினியை ஏவினர். மறைந்த சொல்லை அதன் இருபுறத்துச் சொற்களையும் நோக்கியே நிரப்பவேண்டியிருந்தமையால், ஒவ்வொரு சொல்லுக்கும் வாக்கியந்தோறும் வேறு வேறு காவியைக் கணிக்கும் ஆற்றல் அதற்கு வாய்த்தது. பின்னர் வெளிவந்த அதன் பன்மொழி வடிவிலே தமிழும் இடம்பெற்றது.

2019ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கூகிள் இதனைத் தன் தேடுபொறியிற் புகுத்தியது. அமெரிக்காவிலே ஆங்கிலத்தில் இடப்படும் வினாக்களிற் பத்திலொன்றுக்கு இது பயன்படும் என அந்நிறுவனம் அறிவித்தது. அது காட்டிய உதாரணங்களுள் ஒன்று, பிறேசிலிலிருந்து அமெரிக்காவிற்குச் செல்லும் பயணிக்கு விசா வேண்டுமோ என்னும் வினா. முன்னைய முறை, அமெரிக்கர் பிறேசிலுக்குச் செல்லுதல் பற்றிய பக்கத்தைக் காட்டியது. புதிய முறையோ திசை காட்டும் சிறு சொல்லையும் மதித்து, பொருத்தமான பக்கத்தைக் காட்டியது. நாம் மேலே கூறிய புகையிரத உதாரணத்தின் இடர் இதுவே என்பதை வாசகர் உணர்வர்.

இவற்றோடு வினவுவோர் இருக்குமிடம், வினவிய காலம், முன்னர் இதே வினாவை இட்டோர் எந்தப் பக்கத்தைத் திறந்தனர் என்பன போன்ற குறிப்புக்களையும் பொறி சேர்த்து நோக்குகின்றது. எனவே, ‘கருத்தை அறிகின்றது’ என நாம் கூறுவது உபசார வழக்கே. பொறி ஒருவரின் உள்ளத்தை அறிவதில்லை; அவரைப் போல வினவிய பலரின் செயல்களிலிருந்தும், சொற்களின் அண்மையிலிருந்தும் ஊகிக்கின்றது. ஊகம் அனுமானத்தின்பாற்பட்டது, அது காட்சியன்று.

இங்கேதான் கற்போர் விழித்திருத்தல் வேண்டும். முதலாவது, பலரின் விருப்பத்திலிருந்து ஊகிக்கும் பொறி, சிலரின் விருப்பத்தைத் தவறவிடுதல் இயல்பு. அருஞ்சொல் ஒன்றை ஆராயும் மாணவன் அதனை இட, பொறி அதனை எழுத்துப்பிழை எனக் கருதிப் பெருவழக்கான வேறொரு சொல்லைத் தேடித் தருதல் கூடும். ஒரு சொல் ஓர் இலக்கியத்தில் எங்கெங்கே வருகின்றது என ஆராய்வோனுக்கு வேண்டியது அச்சொல்லேயன்றி அதன் ஒப்புச்சொல் அன்று. அவனுக்குப் பழைய சொல்லடைவே இன்றும் துணை. சொற்றொடரை இரட்டை மேற்கோட்குறிகளுக்குள் இட்டு, அதனையே தேடுமாறு பொறியைக் கட்டுப்படுத்தும் வழியையாவது மாணவர் அறிந்திருத்தல் நன்று.

இரண்டாவது, ஊகத்தின் திருத்தம் அதற்கு ஆதாரமான எழுத்துக்களின் அளவையும் தரத்தையும் பொறுத்தது. ஆங்கிலத்தோடு ஒப்பிடின் இணையத்திலே தமிழெழுத்துக் குறைவு. தமிழுள்ளும் ஈழத்து வழக்கு மேலும் குறைவு. நாம் எழுதாத சொல்லைப் பொறி எவ்வாறு கற்கும்? நமது சொற்களுக்கு அப்பொறியிலே இடம் வேண்டுமாயின், நம் ஆசிரியரும் மாணவரும் விஞ்ஞானம், மருத்துவம், வரலாறு முதலிய துறைகளிலே பிழையற்ற கட்டுரைகளை எழுதி இணையத்தில் ஏற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, பொறி இப்பொழுது பக்கங்களைக் காட்டுவதோடு அமையாது, பலவற்றைத் தொகுத்துத் தானே விடை எழுதவும் தொடங்கியுள்ளது. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலே கூகிள் அமெரிக்காவிற் பரவலாக வெளியிட்ட இத்தகைய வசதி, பிற்சா என்னும் பண்டத்திலே பாற்கட்டி ஒட்டாவிடின் பசையைச் சேர்க்கலாம் எனக் கூறி நகைப்புக்கிடமாயிற்று. எவரோ வேடிக்கையாக எழுதியதை அது மெய்யெனக் கொண்டது. வினவியவன் வேண்டியது யாது என்பதைப் பொறி சரியாகவே ஊகித்திருந்தது; கூறியவன் எத்தகையன் என்பதையே அறிந்திலது. கேட்பவன் கருத்தை அறிதல் வேறு, கூற்றின் மெய்ம்மையை அறிதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. முன்னர்ப் பத்துப் பக்கங்களைத் திறந்து ஒப்பிட்ட மாணவன், விரும்பியோ விரும்பாமலோ, நூல்களின் தரத்தை மதிப்பிடப் பழகினான். ஒற்றை விடையைப் பெறுவோன் அப்பயிற்சியை இழக்கின்றான். ஆதலால், விடைக்கு ஆதாரமான பக்கத்தைத் திறந்து, எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், எதனைக் கொண்டு எழுதினார் என நோக்கும் வழக்கத்தை வகுப்பறையிலேயே ஊட்டுதல் ஆசிரியர் கடனாகும்.

தொல்காப்பிய விதியின் மற்றொரு பகுதியையும் ஈண்டு நினைத்தல் தகும். ‘மா வீழ்ந்தது’ என்றவழி, வீழ்தல் மரத்துக்கும் விலங்குக்கும் பொதுவாதலின், வினையால் மட்டும் பொருள் தெளிவாகாது. அத்தகைய இடங்களிலே, கூறுவோன் தான் கருதிய பொருள் இதுவெனத் தெரித்துக் கூறுதல் வேண்டும் என்பது ஆசிரியர் கருத்து. பொறி எத்துணை நுண்ணியதாயினும் இக்கடமை வினவுவோனை விட்டு நீங்காது. ஒற்றைச் சொல்லை இட்டுவிட்டு, நம் கருத்தைப் பொறியே அறிந்துகொள்ளட்டும் என வாளாவிருத்தல், நம் வினாவைப் பிறர் முடிவு செய்ய விடுதலாகும். தான் அறிய விரும்புவது யாது என்பதைத் தன் மனத்திலே முதலில் வரையறுத்து, அதனை முழு வாக்கியமாக எழுதப் பழகும் மாணவனுக்குப் புதிய பொறிகள் நல்ல ஏவலாளராய் அமையும். அப்பழக்கத்தைத் தருவது கல்லூரியின் பணி.