வானொலிக் குமிழ் ஏன் கரகரக்கிறது?

மாணவர்களே, புக்கிட் காத்திலில் இருந்து ஆயர் குரோவுக்கு அப்பாவின் பழைய காரில் போகிறீர்கள். வானொலியில் நல்ல பாட்டு. சத்தத்தைக் கூட்டக் குமிழைத் திருப்பினால் ‘கரகர’ என்கிறது. ஒரு பக்க ஒலிபெருக்கி ஊமையாகிறது. மறுநொடி காதைப் பிளக்கும் அலறல். ஓட்டுபவரின் கவனம் சிதற இதுவே போதும். வானொலியையே மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பழுது, குமிழுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு உறுப்பில்தான் இருக்கும்.

எந்த வகைக் குமிழ்?

குமிழைத் திருப்பிப் பாருங்கள். இரு முனையிலும் முட்டி நின்றால், அது பொட்டன்சியோமீட்டர் என்னும் மாறு மின்தடை. முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போனால், அது ரோட்டரி என்கோடர்.

முதல் வகையில், குதிரைலாட வடிவில் ஒரு கரித்தடம் இருக்கும். அதன்மீது ஓர் உலோக விரல் உராய்ந்து நகரும். பள்ளியில் படித்த மின்தடையை நினைவுகூருங்கள். தடத்தின் மொத்த மின்தடை 50 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். விரலுக்கும் தரை முனைக்கும் இடையே 10 கிலோ ஓம் இருந்தால், மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே பெருக்கிக்குச் செல்லும். விரல் நகர நகர அந்தப் பங்கு மாறும்; சத்தமும் மாறும்.

தடத்தில் தூசு படிந்தால் விரல் கணநேரம் தொடர்பை இழக்கும். அந்தத் துண்டிப்புதான் ‘கரகர’. இடது, வலது ஒலிக்குத் தனித்தனித் தடங்கள் உண்டு. அதனால்தான் சில வேளைகளில் ஒரு பக்கம் மட்டும் ஊமையாகிறது. குமிழை எப்படித் திருப்பினாலும் சத்தம் குறையவே இல்லையா? தரை முனையின் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம்.

என்கோடரில் கரித்தடம் இல்லை; இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதல் முனை முந்திக்கொண்டால் ‘கூட்டு’, இரண்டாவது முந்தினால் ‘குறை’ என்று வானொலியின் சில்லு புரிந்துகொள்ளும். முனைகளில் அழுக்குச் சேர்ந்தால் இந்த வரிசை குழம்பும். குறைக்கத் திருப்பினால் சத்தம் கூடுவது இதனால்தான். மலாக்காவின் ஈரக்காற்றும், வெயிலில் நிற்கும் காரின் வெப்பமும் உலோக முனைகள் மங்குவதை விரைவுபடுத்தும்.

எப்படிச் சரிசெய்வது?

காரிலிருந்து வானொலியைக் கழற்றுவதைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். அருகிலேயே காற்றுப்பைக்கான கம்பிகள் இருக்கலாம். பேட்டரி இணைப்பை எடுத்தால் சில வானொலிகள் ரகசிய எண் கேட்கும். அதை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்தொடுமுனைகளுக்கான துப்புரவுத் தெளிப்பானைக் குமிழின் உறுப்புக்குள் சிறிதளவு அடித்து, இருபது முப்பது முறை இருபுறமும் திருப்ப வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்கலாம். சாதாரண எண்ணெய் கூடாது; அது மேலும் தூசை இழுக்கும். கரித்தடமே தேய்ந்திருந்தால் துப்புரவு உதவாது. அதே மின்தடை அளவும் அதே எழுத்தும் கொண்ட புதிய உறுப்பைப் பொருத்த வேண்டும்.

அது என்ன எழுத்து? ஒலியின் திறன் பத்து மடங்கானால்தான் நம் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். அதற்கேற்ப முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் மாறும் தடத்துக்குப் பெரும்பாலும் ‘ஏ’ என்றும், சீராக மாறுவதற்கு ‘பி’ என்றும் ஆங்கில எழுத்தில் குறிப்பார்கள். ‘பி’யைப் பொருத்தினால், குமிழைச் சற்றுத் திருப்பியதுமே சத்தம் எகிறும்.

ஒரு சிறு உறுப்புக்காக முழு வானொலியையும் வீசினால், ஈயம் போன்ற உலோகங்கள் கொண்ட மின்னணுக் கழிவுதான் கூடும்.

செய்து பாருங்கள்

உடைந்த பழைய வானொலியிலிருந்து எடுத்த மூன்று கால் பொட்டன்சியோமீட்டர் ஒன்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுக்காலிலும் மற்றதை ஓரக்காலிலும் வையுங்கள். குமிழை மெல்லத் திருப்பி, மின்தடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். நேர்கோடு வந்தால் ‘பி’. வளைகோடு வந்தால் ‘ஏ’. எண் திடீரெனத் தாவும் இடம்தான் ‘கரகர’ பிறக்கும் இடம்.